வெளிச்சத்துக்காகச் சவரம் செய்துகொண்டவன்

சான் அகுஸ்தீன் சமவெளி, ஆட்டு முகாம்
1936 ஜூலை 9

தெல்ஃபினா,

நான் நலம். ஆடுகளும் நலம். அங்கே நீ, தம்பி ஹுவான், கோழிகள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். எனக்குக் கடிதம் எழுத வராது என்று உனக்குத் தெரியும். பென்சிலும் பாதிதான் இருக்கிறது.

மழை இல்லை. புல் காய்ந்துவிட்டது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறவரை இந்த இடத்திலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். சாமான் வண்டிக்காரர் மாவும் அவரைக்கொட்டையும் கொண்டுவந்தார். காப்பித்தூளை மறந்துவிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். முகாமுக்கு மேற்கே வற்றிப்போன ஏரி ஒன்று இருக்கிறது. பொழுது சாய்ந்து ஆடுகள் படுத்த பிறகு அதன்மேல் ஒரு வெளிச்சம் வருகிறது. விளக்கு இல்லை. அந்தப் பக்கம் வீடும் கிடையாது, பாதையும் கிடையாது. பழுத்த பீச் பழத்தின் உட்பக்க நிறம். ஆள் உயரத்தில் நின்று கொஞ்சம் ஆடும், பிறகு நகரும். நான் இருமினால் நின்றுவிடும். நாய் அதைப் பார்த்துக் குரைப்பதில்லை, வாலை ஆட்டுகிறது. முதலில் பயமாகத்தான் இருந்தது. இப்போது அது வராவிட்டால்தான் என்னவோ போல இருக்கிறது.

நேற்று முகச்சவரம் செய்துகொண்டேன். வெயிலில் தாடி அரிக்கிறது.

எலிசேயோ


எல் என்சினால்
ஜூலை 20

எலிசேயோ,

உன் கடிதம் வந்தது. ஆடுகளுக்கும் மழைக்கும் கொஞ்சம், வெளிச்சத்துக்கு அரைப் பக்கம், எனக்கு ஒரே ஒரு வரி. அந்த வரியிலும் கோழிகளோடு சேர்த்துத்தான் என்னை விசாரித்திருக்கிறாய்.

தாடி அரிக்கிறதாம். நம் கல்யாணத்துக்குப் பிறகு ஈஸ்டர் பண்டிகை தவிர வேறு நாளில் நீ சவரக்கத்தியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. முகம் குத்துகிறது என்று நான் எத்தனை முறை கெஞ்சியிருப்பேன். அப்போதெல்லாம் அரிக்காத தாடி, ஆள் நடமாட்டமில்லாத பொட்டலில் போய் அரிக்கிறதா?

அந்த வெளிச்சம் என்னவென்று தெரியாதவனைப் போல எழுதாதே. நீயும் இந்த ஊரில்தான் பிறந்தாய். பொழுது சாய்ந்ததும் உடம்பை வீட்டில் விட்டுவிட்டு நெருப்பு உருண்டையாகப் பறந்துபோகிறவள் யார்? சூனியக்காரி. அவள் யாரைத் தேடிப் போவாள்? எவன்மேல் கண் இருக்கிறதோ அவனைத் தேடி. உன்மேல் யாருக்குக் கண் என்று நான்தான் சொல்ல வேண்டுமா?

லிப்ராதா. என்னைப் பெண் கேட்டு வருவதற்கு முன்னால் நீ அவளைத்தானே கேட்டுப் போனாய். பெண் தர மாட்டோம் என்பதற்கு அடையாளமாக அவள் அப்பா உங்கள் வாசலில் பூசணிக்காயை வைத்துவிட்டுப் போனார். அதையும் வீணாக்காமல் உங்கள் வீட்டில் சமைத்துச் சாப்பிட்டீர்கள் என்று ஊர் இன்னும் சிரிக்கிறது. இப்போது அவள் விதவை. படுத்த படுக்கையான அம்மாவைக் கவனித்துக்கொண்டு நம் வேலிக்கு அந்தப் பக்கமே வந்து உட்கார்ந்திருக்கிறாள். நேற்று வேலியோரம் நின்று, “எலிசேயோகிட்டேருந்து லெட்டர் வந்துச்சா? நல்லா இருக்காரா?” என்று கேட்டாள்.

“ஆடு மேய்க்கிறாரு, வேற என்ன” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

சாயங்காலம் ஆனால் அவள் வீட்டுக் கதவு சாத்தியே இருக்கிறது. நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தெல்ஃபினா

நானும் நலம்தான். நீ கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன்.


ஆட்டு முகாம்
ஆகஸ்ட் 4

தெல்ஃபினா,

லிப்ராதாவை நான் நினைத்தே பல வருஷம் ஆகிறது. பூசணிக்காய் ருசியாக இருந்தது. அது மட்டும்தான் நினைவிருக்கிறது. பாவம், அவளை இதில் இழுக்காதே.

வெளிச்சம் என்றால் வெளிச்சம், அவ்வளவுதான். இப்போது கொஞ்சம் கிட்டே வருகிறது. கட்டிலை மேற்குப் பார்க்கத் திருப்பிப் போட்டிருக்கிறேன். பகல் முழுக்க நான் வாயைத் திறப்பதில்லை, ஆடுகளை அதட்டுவதைத் தவிர. அது வந்தால் ஒரு ஆள் வந்ததுபோல இருக்கிறது. ஏதாவது பேசுகிறேன். செத்துப்போன குட்டியைப் பற்றிச் சொன்னேன். அப்பா இறந்தபோது எனக்கு ஏன் அழுகை வரவில்லை என்றுகூடச் சொன்னேன். அது அவசரப்படுவதில்லை. முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போகிறது.

குளிர்கால முகாமையும் என்னாலேயே பார்த்துக்கொள்ள முடியுமா என்று முதலாளி கேட்டு அனுப்பியிருக்கிறார். மே மாதம் வரைக்கும். பனி விழுவதற்குள் வந்துவிடுவதாக உன்னிடம் சொல்லியிருந்தேன், நினைவிருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். இங்கே எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை.

எலிசேயோ


எல் என்சினால்
ஆகஸ்ட் 19

மரியாதைக்குரிய எலிசேயோ அவர்களுக்கு,

தாங்கள் மே மாதம் வரை அங்கேயே தங்கப்போவதாகக் கேள்விப்பட்டு மகிழ்ச்சி. தங்களுக்கு அங்கே ஒன்றும் கஷ்டமில்லை என்று அறிந்து இன்னும் மகிழ்ச்சி.

போதும். இதற்கு மேல் மரியாதை வரவில்லை.

உன் அப்பா இறந்தபோது நீ அழவில்லை என்று எனக்குத் தெரியாதா? பக்கத்தில்தானே இருந்தேன். ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு, வேலி சாய்ந்திருக்கிறது என்று சொல்லிச் சுத்தியலை எடுத்துக்கொண்டு போனாய். நானும் அதோடு விட்டுவிட்டேன், உன்னை நோகடிக்க வேண்டாம் என்று. அந்தப் பேச்சை இப்போது யாரோ ஒரு சிறுக்கியிடம் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாய். அவள் அவசரப்படாமல் கேட்கிறாள் என்று எனக்கே எழுதுகிறாய். படித்ததும் அடுப்பில் போடலாமா என்று பார்த்தேன். போடவில்லை. இன்னொரு முறை படித்தேன், இன்னும் எரிந்தது.

லிப்ராதா விஷயத்தைச் சொல்கிறேன். அவள் அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோகிற சாக்கில் போய், அவர்கள் வாசற்படியில் இரண்டு ஊசிகளைச் சிலுவைபோல வைத்துவிட்டு வந்தேன். சூனியக்காரியாக இருந்தால் அதைத் தாண்டி வெளியே வர முடியாது அல்லவா. ஜன்னலோரம் உட்கார்ந்து காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள், படியைத் தாண்டினாள், நேராக நம் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“தெல்ஃபினா, உன் ஊசி ரெண்டும் எங்க வாசப்படியில கெடந்துச்சு. தேடுவியேன்னு கொண்டாந்தேன்.”

“எப்ப விழுந்துச்சோ, நான் கவனிக்கல” என்றேன்.

“சிலுவை மாதிரியே விழுந்திருக்கு, பாத்துக்க.” கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “இங்க பாரு. உன் புருஷன் மேல எனக்கு ஆசை இருந்திருந்தா அன்னைக்கே எங்கப்பாவைப் பூசணிக்காயத் தூக்க விட்டிருப்பேனா? அந்த மனுஷன் காப்பி உறிஞ்சுற சத்தம் ஒண்ணு போதும், நான் ஊரை விட்டே ஓடிருவேன். சாயங்காலம் வெயில் கண்ணுல அடிச்சா அம்மாவுக்கு ஆகாது, அதான் கதவைச் சாத்துறேன்.”

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. என் புருஷன் காப்பி உறிஞ்சினால் இவளுக்கென்ன?

ஆகவே அவள் இல்லை. அப்படியென்றால் வேறொருத்தி. யாரென்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் பிடிக்காது. உன் தம்பிக்கு ஹுவான் என்று பெயர் வைத்தது இதற்காவது உதவட்டும். சூனியக்காரியைப் பிடிக்க ஹுவான் என்ற பெயருள்ளவனால்தான் முடியும். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மண்ணில் வட்டம் போட்டு, அதற்குள் உட்கார்ந்து அவன் கூப்பிட்டால் அவள் சொந்த உருவத்தில் வந்து விழுந்தாக வேண்டும்.

“அண்ணி, சோளம் அறுக்கணும் எனக்கு” என்றான்.

“சோளம் எங்கயும் ஓடாது. உங்கண்ணன் ஓடிருவாரு” என்றேன்.

வெள்ளிக்கிழமை புறப்படுகிறான். அவனுக்கு வயிறாரச் சாப்பாடு போடு.

தெல்ஃபினா


ஆட்டு முகாம்
செப்டம்பர் 8

தெல்ஃபினா,

ஹுவானை அனுப்பியது எனக்குப் பிடிக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வந்த அன்று ஆட்டுக்கறியும் மிளகாய்க் குழம்பும் செய்து போட்டேன். நன்றாகச் சாப்பிட்டான். “அண்ணி ரொம்பக் கோவமா இருக்காங்கண்ணே. நான் சும்மா வட்டம் போட்டுட்டு, ஒண்ணும் வரலைன்னு போய்ச் சொல்லிர்றேன்” என்று சிரித்துக்கொண்டுதான் இருந்தான். பொழுது சாய்ந்ததும் ஏரிக்கரையில் போய் வட்டம் போட்டான். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். நான் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பிடிக்க வலை விரித்ததுபோல.

அவன் கூப்பிட்டதும் வந்துவிட்டது. எனக்காக வரும்போது மெல்ல வரும். அவனிடம் நேராக வந்தது. வட்டத்தின் ஓரத்தில் போய் நின்றது. ஹுவானின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தான். பிறகு எழுந்து, பூட்ஸ் காலால் வட்டத்தை அழித்துவிட்டான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பிடிக்க வந்தவன் எதற்குத் தொப்பியைக் கழற்ற வேண்டும்?

என்னடா பார்த்தாய் என்று கேட்டேன். “ஒண்ணுமில்லண்ணே. வீட்டுக்கு வந்துருங்க” என்றான். காலையில் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

உன்னிடம் ஏதாவது சொன்னானா? முதலாளிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

எலிசேயோ


எல் என்சினால்
செப்டம்பர் 24

எலிசேயோ,

உன் தம்பி ஊர் வந்து சேர்ந்தும் என் கண்ணில் படாமல் சுற்றிக்கொண்டிருந்தான். கடைசியில் வாய்க்கால் தூர் வாருகிற இடத்தில் போய்ப் பிடித்தேன்.

“யாருடா அவ?”

“தெரியல அண்ணி.”

“வட்டத்துக்குள்ள விழுந்தாளா இல்லையா?”

“விழல. ஓரமா நின்னாங்க.”

நின்னா என்று சொல்லவில்லை, நின்னாங்க என்றான். மண்வெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றவன், “அண்ணி, இனிமே சாயங்கால நேரத்துல தூங்காதீங்க” என்றான். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

பைத்தியக்காரன் என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வந்து உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு நின்றது. நீ போனதிலிருந்து எனக்கு என்ன நடக்கிறது தெரியுமா? வெயில் இறங்கியதும் அசதி அமுக்குகிறது. தட்டைக்கூடக் கழுவாமல் நாற்காலியிலேயே தூங்கிப்போகிறேன். எழுந்தால் நெடுந்தூரம் நடந்தவளைப் போலக் கால் வலிக்கிறது. அவரைப் பாத்தி கொத்திய அலுப்பு என்று நினைத்திருந்தேன்.

பயப்படாதே. ஹுவான் யாரிடமும் மூச்சு விட மாட்டான். எனக்கும் பயம் வரவில்லை. வந்ததெல்லாம் வயிற்றெரிச்சல்தான்.

அது நான் என்றால் எனக்குச் சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. அவளுக்காகச் சவரம் செய்தாய். அவளைப் பார்க்கக் கட்டிலைத் திருப்பினாய். உன் அப்பாவைப் பற்றிச் சொன்னாய். இங்கே உடம்போடு உன் பக்கத்தில் படுத்திருந்தவளுக்கு என்ன கிடைத்தது? சாய்ந்த வேலி கிடைத்தது. என்மேலேயே எனக்குப் பொறாமை, எலிசேயோ. உலகத்தில் வேறு எந்தப் பெண்ணுக்காவது இந்தக் கேடு வந்திருக்குமா?

வீட்டுக்கு வா. அவளிடம் பேசியதை என்னிடமும் ஒருமுறை பேசு. நானும் அவசரப்படாமல் கேட்பேன்.

தெல்ஃபினா


ஆட்டு முகாம்
அக்டோபர் 8

தெல்ஃபினா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு ஆடுகளை மேய்க்கவே மறந்துவிட்டேன். நாய்தான் பார்த்துக்கொண்டது.

சிரிக்காதே. நேற்று அதை உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நகர்ந்துகொண்டிருந்தது நின்றுவிட்டது. உனக்குத்தான் இப்படி நிற்கத் தெரியும் என்று தோன்றியது, நான் ஏதாவது உளறும்போது நீ அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்து நிற்பாயே, அதைப் போல. இத்தனை தூரம் நீ நடந்து வருகிறாய் என்றால் மே மாதம் வரை எனக்கு இங்கே என்ன வேலை?

ஆனால் நிச்சயமாகச் சொல், அது நீதானா? நீதான் என்றால் முதலாளியிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வருகிறேன். நீ இல்லையென்றால், அதை இங்கே தனியாக விட்டுவிட்டு வர எனக்கு மனம் வருமா என்று தெரியவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

எலிசேயோ


எல் என்சினால்
அக்டோபர் 22

எலிசேயோ,

நான்தான். சந்தேகமே வேண்டாம். திங்கட்கிழமை காலையில்கூட என் பாவாடை ஓரத்தில் நம் ஊரில் முளைக்காத முள் ஒட்டியிருந்தது. லிப்ராதாவிடம் காட்டினேன், அவளுக்கும் அது என்ன முள் என்று தெரியவில்லை.

லிப்ராதாவின் அம்மா செவ்வாய்க்கிழமை மதியம் இறந்துபோனார். தூக்கத்திலேயே போய்விட்டார். நான் உடனே அங்கே போனவள்தான். சவத்துக்குத் துணி மாற்றினேன், வந்தவர்களுக்கெல்லாம் சோளக்குழம்பு வைத்தேன், லிப்ராதாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை பாட்டுப் படித்தேன். கண்ணை ஒரு நொடி மூடவில்லை. “நீ ஊசி வெச்ச வாசல்தான், உக்காரு” என்று அவள் அந்த அழுகையிலும் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். மற்றவர்கள் எங்களை ஒருமாதிரி பார்த்தார்கள். அவள்மேல் இப்போது எனக்கு ஒன்றுமே இல்லை.

அதனால் செவ்வாய்க்கிழமை மட்டும் நான் அந்தப் பக்கம் வந்திருக்க மாட்டேன். காத்திருந்தாயா? ஏங்கினாயா கொஞ்சமாவது? எழுது.

தெல்ஃபினா


ஆட்டு முகாம்
அக்டோபர் 23

தெல்ஃபினா,

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை நீ வந்ததுபோல என்றைக்குமே வந்ததில்லை. வழக்கமாக ஏரியோடு நின்றுவிடுவாய். அன்றைக்கு ஆடுகளுக்கு நடுவே வந்தாய். ஒரு ஆடுகூட எழுந்திருக்கவில்லை. அடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றாய். குளிராக இருந்தது. கோட்டைக் கழற்றி அங்கிருந்த கல்லின்மேல் போட்டேன். நீ அதன்மேல் வந்து உட்கார்ந்தாய். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, உட்கார்ந்தாய். நான் அப்பாவுக்காக அழுதேன். விடிகிறவரைக்கும் நீ போகவில்லை. காலையில் கோட்டை எடுத்துப் பார்த்தேன், கதகதப்பாக இருந்தது.

அன்று வீட்டில் எப்படித் தூங்கினாயோ, எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டாய்.

வண்டிக்காரரிடம் முதலாளிக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன், குளிர்காலத்துக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று. புது ஆள் வந்ததும் கிளம்புகிறேன். செவ்வாய்க்கிழமை வந்தது நீதான் என்று ஒரு வரி எழுதிப் போடு. எனக்குத் தெரியும், இருந்தாலும் உன் கையெழுத்தில் பார்க்க வேண்டும்.

எலிசேயோ


எல் என்சினால்
அக்டோபர் 31

எலிசேயோ,

ஆமாம். நான்தான் வந்தேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு உடம்பு சரியில்லை. பொழுது சாயும் முன்பே படுத்துவிட்டேன், நன்றாகத் தூங்கினேன். நீ அழுததுகூட எங்கோ கேட்டதுபோல இருக்கிறது.

என் தோளுக்கு ஒருநாளாவது கோட்டைக் கழற்றிப் போட்டிருப்பாயா நீ? இல்லை, போட்டாய். எனக்குத்தானே போட்டாய். மறந்துவிட்டேன். மறுபடி எழுத வேறு காகிதம் இல்லை, அப்படியே விடுகிறேன்.

நடுவில் என்னிடமிருந்து ஒரு கடிதம் வந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. தூக்கக் கலக்கத்தில் எதையோ கிறுக்கினேன். நாள் கிழமை எல்லாம் எனக்குக் குழம்பிவிட்டது. பிரிக்காமல் அடுப்பில் போட்டாலும் சரிதான்.

அந்தக் கோட்டை மட்டும் இங்கே கொண்டுவராதே. அங்கேயே விட்டுவிடு. நல்ல கம்பளித் துணி வாங்கி வைத்திருக்கிறேன், புதிதாக நானே தைத்துத் தருகிறேன். வரும் வழியில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காதே. நான் இங்கே இருக்கிறேன். வேறு எங்கேயும் இல்லை, இங்கேதான் இருக்கிறேன். பனி விழுவதற்குள் வா.

தெல்ஃபினா


ஆட்டு முகாம்
நவம்பர் 7

தெல்ஃபினா,

நீதான் என்று எழுதிய கடிதம் கிடைத்தது. சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

நடுவில் எழுதியதாகச் சொன்னாயே, அந்தக் கடிதம் வரவில்லை. இங்கே தபால் அப்படித்தான், சில சமயம் வண்டியிலிருந்து எங்காவது விழுந்துவிடும். அதைப் பற்றி நீ கவலைப்படாதே. உன்னைத் தவிர எனக்கு இங்கே எழுதுகிறவர்களும் யாருமில்லை, வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

புது ஆள் வந்துவிட்டான். கோட்டை அந்தக் கல்லின்மேலேயே விட்டுவிட்டேன். நாளைக்குச் சாமான் வண்டியில் மக்தலேனாவரை வந்து, அங்கிருந்து ரயில் பிடிக்கிறேன். சவரம் செய்துகொண்டுதான் வருவேன். வந்ததும் உன்னிடம் நிறையப் பேச வேண்டும், அப்பாவைப் பற்றி முதலில்.

லிப்ராதாவைப் பார்த்தால், அவள் அம்மா போனதற்கு நான் வருத்தப்பட்டேன் என்று சொல்.

எலிசேயோ